பெயரில்லாத பெக்கட்டில் இரசாயனம்: நமது வியாபாரிகள் கவனிக்க வேண்டியது

"தின்னர் என்றால் தின்னர்தானே, அதில் என்ன வகை?" என்று கேட்கும் ஹாட்வெயார் கடைக்காரர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். மாரி காலத்தில் களுதாவளையில் ஒரு தளபாடப் பட்டறை வாசலில் பத்து நிமிடம் நின்று பார்த்தால் அவர்களுக்கு விடை கிடைத்துவிடும்.

களுதாவளையை நமது வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. காத்தான்குடியிலிருந்து கல்முனைக்குப் போகும் பாதையில், தேற்றாத்தீவுக்கும் களுவாஞ்சிக்குடிக்கும் இடையில், ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியுமாக இருக்கும் வெற்றிலைக் கிராமம் அது. அங்கே கதவு, கட்டில், அலுமாரி செய்யும் பட்டறைக்காரர் ஒருவர் எனது நீண்டகால வாடிக்கையாளர். ஒவ்வொரு வருடமும் கார்த்திகை பிறந்தால் அவரிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்: "நானா, வெள்ளை பூக்காத தின்னர் ஒன்று எடுத்துத் தர ஏலாதா?"

அவர் கேட்பது நியாயமான கேள்வி. மழை நாளில் லெக்கர் அடித்துக் காய்ந்த பிறகு பலகையின் மேல் பால் தெளித்ததுபோல வெள்ளை படர்கிறது. மரத்தில் ஈரம் என்று சிலர் சொல்வார்கள், சீலர் பழுது என்று சிலர் சொல்வார்கள். உண்மையில் பெரும்பாலும் குற்றவாளி தின்னர்தான். மலிவான தின்னரில் அசிட்டோன் போன்ற மிக வேகமாக ஆவியாகும் திரவங்கள் கூடுதலாக இருக்கும். அவை ஆவியாகும்போது பலகையின் மேற்பரப்பைக் குளிரச் செய்கின்றன. மாரிக் காற்றில் நிறைந்திருக்கும் ஈரம் அந்தக் குளிர்ந்த பரப்பில் பனிபோலப் படிந்து, காய்ந்துகொண்டிருக்கும் லெக்கருக்குள்ளே சிக்கிக்கொள்கிறது. அதுதான் அந்த வெள்ளை. இதற்கு மருந்து, மெதுவாக ஆவியாகும் ஒரு திரவத்தைச் சிறிதளவு சேர்ப்பது. பியூட்டைல் செலோசோல்வ் என்று அதைச் சொல்வார்கள். தொழிலில் ரிட்டார்டர் என்பது பொதுப்பெயர். தோலினூடாகவும் உடம்புக்குள் போகக்கூடியது என்பதால் கையுறை போட்டுக்கொண்டுதான் புழங்க வேண்டும்.

மருந்து இருக்கிறது. ஆனால் கொழும்பில் அதை இறக்குபவர் 200 லீட்டர் டிரம்மாகத்தான் தருவார். எனது வாடிக்கையாளருக்கு ஒரு மாரிக்கு ஐந்து லீட்டர் போதும். இந்த 200 லீட்டருக்கும் ஐந்து லீட்டருக்கும் இடையிலுள்ள வெளியில்தான் நமது பகுதியின் கைவினைத் தொழில்கள் பல தள்ளாடிக்கொண்டிருக்கின்றன என்பது எனது கருத்து. அந்த வெளியை இப்போது நிரப்புவது யார்? தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி, ஷொப்பிங் பேக்கில் கட்டி, பெயரும் திகதியும் இல்லாமல் விற்பவர்கள்தாம். அவர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. பெரிய டிரம்மை உடைத்துச் சில்லறையாகத் தருவது ஒரு சேவை. அந்தச் சேவை இல்லையென்றால் பல பட்டறைகளை மூட வேண்டியதுதான். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது, எப்போது திறந்தது, பழுதானால் யாரிடம் போவது என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லும் ஆள் ஒருவர் வேண்டும். பழைய சோனகத் தெருவில் தேடினால் பொருள் கிடைக்கும். பொறுப்பேற்கும் ஆளைத் தேடுவதுதான் கஷ்டம்.

மர பொலிஷ் விடயம் இப்படியென்றால், சாயத் தொழிலின் நிலை இன்னும் மோசம். களுதாவளையிலிருந்து அதே பாதையில் தெற்கே போனால் கல்லாறு, பெரியநீலாவணை கடந்து மருதமுனை. கைத்தறிக்குப் பெயர்போன நமது ஊர். 2004 டிசம்பர் 26 சுனாமியில் உயிர்களோடு தறிகளையும் பறிகொடுத்து, மீண்டும் எழுந்து நின்ற தொழில் அது. மருதமுனைச் சாரத்தின் மதிப்பு அதன் நெசவில் பாதியென்றால், சாயம் கழுவக் கழுவப் போகாமல் நிற்பதில் மறுபாதி.

கெட்டியாக நிற்கும் சாயங்களில் முதன்மையானது வாட் சாயம். இந்தச் சாயம் தண்ணீரில் கரையாது. எரிசோடாவும் ஹைட்ரோஸ் என்று நாம் சொல்லும் வெள்ளைத் தூளும் சேர்த்தால்தான் கரையும். கரைந்த நிலையில் நூல் அதைக் குடிக்கும். பிறகு காற்றுப்பட்டதும் சாயம் மறுபடி கரையாத நிலைக்குத் திரும்பி நூலுக்குள்ளேயே இறுகிவிடும். கழுவினால் போகாததன் இரகசியம் இதுதான். ஆகவே ஹைட்ரோஸ் பலமில்லாவிட்டால் சாயம் முழுமையாகக் கரையாது, நூலின் உள்ளே போகாது, மேலே தூசிபோல ஒட்டிக்கொண்டு நிற்கும். விற்கும்போது பளிச்சென்றுதான் இருக்கும். மூன்றாவது கழுவலில் வாடிக்கையாளர் நெசவாளியைத்தான் ஏசுவார்.

ஹைட்ரோஸின் குணம் தெரியாமல் அதை விற்பது பெரிய தவறு. நல்ல சரக்கில் 85 முதல் 90 சதவீதம் வரை சத்து இருக்கும். அது காற்றையும் ஈரத்தையும் சகிக்காது. மூடி திறந்த நாளிலிருந்து பலம் இறங்கத் தொடங்கும். மாரியில் மெல்லிய பொலித்தீனில் கட்டி வைத்தால் சில வாரங்களில் கையில் மிஞ்சுவது பெரும்பாலும் வெறும் உப்புத் தூள்தான். இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. கொஞ்சம் தண்ணீர் பட்டால் அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். சர்வதேசப் போக்குவரத்து விதிகளில் ஐ.நா. எண் 1384 என்ற அடையாளத்துடன், தானாகத் தீப்பற்றும் பொருட்களின் வகுப்பில் அது வைக்கப்பட்டிருப்பது இதனால்தான். இரவு லொறியில் சீனி மூட்டைக்கும் பிஸ்கட் பெட்டிக்கும் நடுவில், ஒழுகும் தார்ப்பாய்க்குக் கீழ் அது வருவதை நான் கண்டிருக்கிறேன். அந்த லொறிச் சாரதிக்குத் தான் ஏற்றி வருவது என்னவென்று தெரியாது.

பலமிழந்த ஹைட்ரோஸைக் கொண்டு சாயம் போடுபவர் என்ன செய்கிறார்? ஒரு கிலோ போதவில்லையென்று ஒன்றரைக் கிலோ போடுகிறார். மலிவு என்று வாங்கியது அங்கேயே விலை ஏறிவிட்டது. ஒரு தொட்டிக்கும் அடுத்த தொட்டிக்கும் நிறம் மாறிவிடுகிறது, சாரத்தின் கட்டம் கட்டத்தோடு சேரவில்லை. இதைப் பரிசோதிக்க ஆய்வுகூடம்கூடத் தேவையில்லை. மஞ்சள் வாட் சாயம் ஊட்டிய சோதனைத்தாளைத் தொட்டியில் தோய்த்தால், ஹைட்ரோஸ் போதியளவு இருக்கும்போது தாள் நீலமாக மாறும். சாயம் விற்கும் கடைகள் இந்தத் தாளையும் வைத்திருக்க வேண்டும். நான் கேட்ட கடைகளில் ஒன்றிலும் இருக்கவில்லை.

பெயர்க் குழப்பத்தையும் சொல்லியாக வேண்டும். நமது பேச்சில் எல்லாமே "சோடா". ஆப்பத்துக்குப் போடுவது அப்பச்சோடா. சலவைக்கும் ரியாக்டிவ் சாயத்துக்கும் போவது சலவைச் சோடா. தோலையும் கண்ணையும் தின்றுவிடும் எரிசோடாவும் சோடாதான். மூன்றும் வெள்ளை. பெயர் எழுதாத பெக்கட்டில் இருந்தால் கடைப் பையனுக்கு வித்தியாசம் தெரியாது. கண் போன பிறகுதான் தெரியும். இதற்கு உலகம் முழுதும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு இரசாயனத்துக்கும் சி.ஏ.எஸ். எண் என்று மாறாத அடையாள எண் உண்டு. எந்த நாட்டில், எந்த வணிகப் பெயரில் வந்தாலும் எரிசோடா 1310-73-2, சலவைச் சோடா 497-19-8, அப்பச்சோடா 144-55-8, ஹைட்ரோஸ் 7775-14-6, மேலே சொன்ன பியூட்டைல் செலோசோல்வ் 111-76-2. இந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் கொழும்பிலும் சரி, குஜராத்திலும் சரி, வேறு பொருளைத் தலையில் கட்ட முடியாது. ஓடர் எழுதும் கொப்பியின் முதல் பக்கத்தில் இவற்றை எழுதி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

சாயத்தின் விடயத்தில் இன்னொன்றும் உண்டு. அசோ சாயங்கள் என்ற பெரிய குடும்பத்தில் சில, சிதையும்போது பென்சிடின் போன்ற புற்றுநோய் தரும் பொருட்களை விடுவிக்கின்றன. ஜேர்மனி 1994இல் இவற்றைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் பணிப்புரை வெளியிட்டு, 22 வகையான அமைன்களுக்கு ஒரு கிலோ துணியில் 30 மில்லிகிராம் என எல்லை வைத்தது. நமது நெசவாளி ஒருவர் துணியை வெளிநாட்டுக்கு அனுப்ப முயன்றால் வாங்குபவர் முதலில் கேட்பது இந்தச் சான்றிதழைத்தான். "சிவப்பு, நல்ல சரக்கு" என்று மட்டும் எழுதிய பெக்கட்டில் சாயம் வாங்கியவர் அதற்கு என்ன பதில் சொல்வார்? ஏற்றுமதியை விடுங்கள். அந்தச் சாயத் தொட்டிக்கு மேல் குனிந்து நின்று ஆவியைச் சுவாசிப்பதும், வெறுங்கையால் நூலைப் பிழிவதும் நமது சகோதரர்களும் தாய்மார்களும்தாம்.

ஒரு காலத்தில் நிலைமை இப்படியிருக்கவில்லை. ஆனையிறவு உப்பை வைத்துப் பரந்தனில் எரிசோடாவும் குளோரினும் நம் நாட்டிலேயே செய்தார்கள். உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் இரண்டும் கிடைக்கும். உப்பும் நமது, வேலையாட்களும் நமது. 1950களில் தொடங்கிய அந்த அரச தொழிற்சாலை 1980களின் நடுப்பகுதியில் யுத்தத்தால் நின்றுபோனது. அதன் பெயரைத் தாங்கிய நிறுவனம் பிறகு குளோரினை வெளிநாட்டிலிருந்து இறக்கி விநியோகிக்கும் நிலைக்கு வந்தது. உப்பு விளையும் நாடு எரிசோடாவுக்குக் கப்பல் பார்த்துக்கொண்டிருக்கிறது. 2022இல் டொலர் தட்டுப்பாட்டில் கடன் கடிதம் திறக்க முடியாமல், ரூபாவும் சில மாதங்களில் 200இலிருந்து 360 அளவுக்கு விழுந்தபோது, அந்தப் பார்வையின் விலை என்னவென்று சாயத் தொழில் செய்தவர்கள் கண்டுகொண்டார்கள். களுதாவளை விவசாயிகள் அதற்கு ஒரு வருடம் முன்னரே, 2021ஆம் ஆண்டு இரசாயன உரத் தடையில் அந்தப் பாடத்தைப் படித்துவிட்டார்கள். தட்டுப்பாடு வரும்போதெல்லாம் பெயரில்லாத பெக்கட்டுகள் பெருகும்.

இனி, நமது சமூகம் தனியாகச் சிந்திக்க வேண்டிய ஒரு விடயம். 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு கிழக்கிலிருந்து ஒரு முஸ்லிம் வியாபாரி இரசாயனம் கேட்டால் மறுமுனையில் ஒரு கணம் மௌனம் நிலவுவதைப் பலரும் அனுபவித்திருக்கிறோம். கொழும்பில் ஒரு நிறுவனத்திடம் பாதுகாப்புத் தரவுத்தாள் கேட்டபோது, "உங்கள் பக்கத்திலிருந்து யாரும் இதைக் கேட்பதில்லையே, உங்களுக்கு எதற்கு?" என்று என்னிடம் திருப்பிக் கேட்டார்கள். கேட்காவிட்டால் அறியாதவன், கேட்டால் சந்தேக நபர். இதற்காக ஒதுங்கிக்கொண்டு பெயரில்லாத சந்தைக்குள் போவது நாமே நமக்குக் குழி வெட்டுவதாகும். பதுங்கி வாங்கிய ஐந்து கிலோவைவிட, பற்றுச்சீட்டும் பாவனைக் குறிப்பேடும் உள்ள ஐம்பது கிலோ பாதுகாப்பானது.

சட்டமும் அதைத்தான் எதிர்பார்க்கிறது. தின்னரின் அடிப்படைப் பொருட்களான அசிட்டோன், தொலுயீன் இரண்டும் போதைப்பொருள் தயாரிப்புக்குத் திசைதிருப்பப்படலாம் என்று 1988ஆம் ஆண்டின் ஐ.நா. சாசனம் பட்டியலிட்டவை, நம் நாட்டில் 2008இன் 1ஆம் இலக்கச் சட்டம் அந்தச் சாசனத்துக்கு வலுக்கொடுத்தது, தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை இவற்றின் மீது கண் வைத்திருக்கிறது. துணியில் அச்சடிக்கும் சாயப்பசைக்குப் போகும் தயோடைகிளைக்கோல் என்ற திரவத்தின் கதை இன்னும் விசித்திரமானது. அதிலிருந்து யுத்த நச்சுவாயு செய்யலாம் என்பதால் இரசாயன ஆயுத சமவாயத்தின் பட்டியலில் இருக்கிறது. இலங்கையிலும் 2007இன் 58ஆம் இலக்கச் சட்டம் அதற்கு உண்டு. நேர்மையான சாயக்காரருக்கு இவை பயப்படவேண்டிய விடயங்கள் அல்ல. ஆனால் தான் விற்பது எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று விற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மார்க்கம் இதில் என்ன சொல்கிறது என்பது வாசகர்களுக்குத் தெரியும். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரமாக இருக்கக் கண்டு, அந்த ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கண்டித்த சம்பவம் நமது ஜும்ஆப் பிரசங்கங்களில் அடிக்கடி சொல்லப்படுவது. அந்தக் குவியலில் ஈரத்தைக் கையால் தொட்டறிய முடிந்தது. ஹைட்ரோஸ் பெக்கட்டில் ஈரம் ஏறியதைக் கைவிட்டுப் பார்க்க முடியாது. விற்பவர் சொன்னால்தான் உண்டு. மறைந்திருக்கும் குறையைச் சொல்லும் கடமை அதனால் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. களுதாவளையில் வெற்றிலை வாங்க வருபவர் கட்டைப் பிரித்து உள்ளிலையைப் பார்க்காமல் விலை பேசமாட்டார். நாளைக்கு வாடிவிடும் இலைக்கு இருக்கும் அந்த விழிப்பு, ஆளின் நுரையீரலுக்குள் போகும் தூளுக்கு இல்லை என்பதை எப்படி ஏற்றுக்கொள்வது?

செய்யக்கூடியது என்ன என்று கேட்கும் வியாபாரிகளுக்கு எனது யோசனை இதுதான். கூட்டாக வாங்குங்கள். காத்தான்குடியில் இருவர், களுதாவளை, களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒருவர், மருதமுனையில் இருவர் சேர்ந்தால் 50 கிலோ டிரம் பெரிய விடயமல்ல. இந்தியாவில் இதையே அரசாங்கம் செய்கிறது. 1983இல் நிறுவப்பட்ட தேசியக் கைத்தறி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம் நெசவாளர்களுக்கு நூலோடு சாயத்தையும் இரசாயனத்தையும் வழங்கி வருகிறது. நமக்கு அப்படியொன்று வரும் வரை காத்திருக்க முடியாது. தமிழ்ப் பட்டறைக்காரரும் முஸ்லிம் சாயக்காரரும் ஒரே ஓடரில் கையெழுத்திடுவதில் எனக்கு எந்தத் தயக்கமும் தெரியவில்லை. வியாபாரம் இரண்டு பக்கத்தையும் ஏற்கனவே ஒரே பாதையில்தான் இணைத்து வைத்திருக்கிறது.

பணத்துக்கு நமது ஃபிக்ஹிலேயே பொருத்தமான வடிவம் இருக்கிறது. ஸலம் ஒப்பந்தத்தில் விலையை முழுமையாக முன்கூட்டிச் செலுத்த வேண்டும். பொருளின் இனம், தரம், அளவு, ஒப்படைக்கும் நாள் எல்லாம் முன்பே நிர்ணயிக்கப்பட்டிருக்க வேண்டும். நவீன இரசாயனக் கொள்வனவுக் கட்டளை ஒன்றை எடுத்துப் பாருங்கள், அதில் கேட்பதும் இதே விபரங்கள்தாம். "நல்ல ஹைட்ரோஸ் ஒரு டிரம்" என்று எழுதினால் அது ஸலமும் ஆகாது, சரியான ஓடரும் ஆகாது. சி.ஏ.எஸ். எண், சதவீதம், உற்பத்தித் திகதி, தொகுதி எண், பாதுகாப்புத் தரவுத்தாள் ஆகியவற்றை எழுதிக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகத்தில் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம். ஒருவருக்குப் பாரமான அந்தக் கட்டணம் ஐந்து பேருக்குப் பங்கிட்டால் சிறிய தொகை.

டிரம் வந்த பிறகு அதைப் பிரிப்பது பொறுப்பான வேலை. மழையில்லாத நாளில், ஒரே அமர்வில், காற்றுப்புகாத கேன்களில் அடைத்து, ஒவ்வொன்றிலும் பொருளின் பெயர், எண், திறந்த திகதி, உங்கள் கடையின் பெயர் நான்கையும் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். கடையின் பெயரை ஒட்டச் சொன்னவுடன் சில நண்பர்கள் பின்வாங்குகிறார்கள். "பழுது வந்தால் நம் தலையில்தானே விழும்?" என்கிறார்கள். ஆம், விழத்தான் வேண்டும். பழுது எப்படியும் யாரோ ஒருவரின் தலையில் விழத்தான் போகிறது. இப்போது அது நெசவாளியின் தலையில் விழுகிறது. லேபலுக்காக யாரும் பத்து ரூபா கூடுதலாகத் தரமாட்டார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. வெள்ளை பூத்த ஒரு கட்டிலை மறுபடி தேய்த்துப் பொலிஷ் அடிக்க எவ்வளவு போகும் என்று எனது களுதாவளை வாடிக்கையாளரைக் கேட்டால் அவர் கணக்குச் சொல்வார்.

களஞ்சியத்தைக் களுதாவளைப் பக்கம் வைத்தால் இரு ஊருக்கும் நடுவில் இருக்கும் என்று ஒரு நண்பர் சொன்னார். தூரத்தைப் பார்த்தால் சரிதான். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பகுதி முழுதும் மணல். வெற்றிலைக்கும் வீட்டுக்கும் தண்ணீர் வருவது ஆழமில்லாத கிணறுகளிலிருந்து. மணலில் ஊற்றியது எதுவோ, அது கிணற்றுக்கோ வாவிக்கோ போய்ச் சேரும். ஒரு எரிசோடாக் கேன் உடைந்தால் ஒரு குடும்பத்தின் கொழுந்து தோட்டத்தோடு போய்விடும். சீமெந்துத் தளமும் விளிம்பு கட்டிய தொட்டியும் உள்ள, ஏற்கனவே அனுமதி பெற்ற ஹாட்வெயார் களஞ்சியம் எந்த ஊரில் இருக்கிறதோ அங்கே வைப்பதே முறை. அங்கும் ஹைட்ரோஸைக் கூரை ஒழுகாத மூலையில், அமிலத்துக்குத் தூரமாக, தரையில் படாமல் பலகை மேல் வைக்க வேண்டும். சாயத் தொட்டியின் கழிவுநீருக்கும் இதே கேள்வி உண்டு. அதை இன்னொரு வாரம் தனியாக எழுத வேண்டியிருக்கிறது.

கைத்தொழில் அபிவிருத்திச் சபை 1969இலிருந்து சிறு கைத்தொழில்களுக்காக இயங்கும் நிறுவனம். கூட்டு ஓடர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அதன் மாவட்ட அதிகாரிகளிடம் போனால், தனியாகப் போய் மனுக் கொடுப்பதைவிட மரியாதையாகப் பேசலாம். கல்முனை, காத்தான்குடி வர்த்தக சங்கங்கள் இந்த மாதக் கூட்டத்தில் ஒரு தாளைச் சுற்றவிட்டு, யாருக்கு எந்தப் பொருள் எத்தனை கிலோ வேண்டும் என்று எழுதி வாங்கினாலே பாதி வேலை முடிந்துவிடும். ஹைட்ரோஸ் தேவைப்படுபவர்கள் மாரிக்கு முன்னர், அதாவது செப்டம்பர் முடிவதற்குள், சரக்கு நமது பக்கம் வந்து பிரித்து அடைக்கப்படும்படி திகதியைக் கணக்கிட்டு ஓடர் கொடுக்க வேண்டும். ரிட்டார்டருக்கும் அதே திகதிதான்.